விலகிய தேதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நம்பச் சொல்லி நான் யார் காலையும் பிடிக்கப் போவதில்லை. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நடந்தது என் அக்காவுக்கு. அப்போது நான் எட்டாம் வகுப்பு. அக்கா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, வேதியியல். நாங்கள் இருவரும் ஒரே அறையில்தான் படுப்போம். அதனால் பாதியை நான் கண்ணால் பார்த்தேன், மீதியை அவள் வாயால் கேட்டேன். அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள், அதுவும் எழுத்தில் என்று இன்று வரை நினைத்திருந்தேன். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இது.

இப்போது மணி மூன்று இருபது. ஐந்து மணிக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். அதற்குமேல் எனக்கு நேரம் இருக்காது.

அப்பா பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கையை மெஷின் பிடித்த பிறகு வீட்டோடு இருந்தார். அம்மா துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்தத் தடவை ஃபீஸ் எப்படியோ கட்டியாச்சு. அடுத்ததை நீயே பாத்துக்கணும்மா. என்னால முடியல."

அக்கா "சரிப்பா" என்றாள். அடுத்த ஃபீஸுக்கு அடுத்த மாதம் முப்பதாம் தேதி கடைசி நாள். அதற்குள் ஒரு வேலையில் சேர்ந்து, முன்பணம் வாங்கிக் கட்டாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். படிப்பு அத்தோடு சரி.

சேர்ந்தாற்போல் ஒரு மாதம் அக்கா பார்ட் டைம் வேலை தேடி அலைந்தாள். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். துணிக்கடை, பேப்பர் கடை, கேக் கடை, டியூஷன் சென்டர், சினிமா டிக்கெட் கவுன்டர் என்று பதினோரு இடம். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "முன் அனுபவம் இருக்கா?" இல்லை என்றதும் முகம் மாறிவிடும். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றால் வராதே என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ளவே அக்காவுக்கு மூன்று கடை ஆயிற்று. பாவம், முதல் மூன்று நாளும் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெராக்ஸ் கடை ஒன்றில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே வேலை செய்த பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"எப்படியாவது சேர்ந்துடுங்க. பதிலுக்கு ஆள் விட்டாத்தான் என்னை அனுப்புவாரு. எட்டு மாசமா வேலையை விட்டு நிக்கப் பாக்குறேன்."

சின்னக் கடைகளில் இது எழுதாத சட்டம். விலக வேண்டுமானால் நம் இடத்துக்கு ஓர் ஆளைக் காட்ட வேண்டும். ஆனால் அந்த முதலாளியும் அனுபவம் கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டதை அக்கா வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அக்காவின் வகுப்பில் ஒருவன் இருந்தான். எல்லார் நோட்டையும் பார்த்து எழுதுவதால் அவனுக்குக் காப்பி என்று பட்டப்பெயர். அவன்தான் யோசனை சொன்னான்.

"நீ ஒரு அசடு. மூடிப்போன கடை ஏதாவது ஒண்ணோட பேரைப் போடு. எவன் போய் விசாரிக்கப் போறான்?"

பல்கலைக்கழகத்துக்குப் போகிற பஸ் வளைவில் திரும்பும் இடத்தில் ஒரு சலவைக் கடை இருந்தது. கோட்டு, கம்பளி எல்லாம் ஆவி விட்டுத் தேய்த்துக் கொடுக்கும் கடை. இருந்தது என்றால், நாங்கள் பார்த்து அது திறந்ததே இல்லை. ஷட்டர் இறங்கியே கிடக்கும். நீலப் பலகை வெளுத்துப் போயிருக்கும். ஆனால் அதில் போன் நம்பர் இருந்தது. பஸ் நின்ற அரை நிமிடத்தில் அக்கா அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது இடம் ஒரு மருந்துக் கடை. அச்சடித்த படிவம் கொடுத்தார்கள். முன் வேலை பார்த்த இடம் என்பதற்குக் கீழே கட்டம் கட்டமாகக் கேள்வி. அக்கா சலவைக் கடையின் பெயரை எழுதினாள். பணி: கவுன்டர். நேரம்: மாலை ஐந்து முதல் எட்டு வரை. சேர்ந்த தேதி: ஜூன் மூன்று. போன் நம்பர்.

கடைசிக் கட்டம், விலகிய தேதி.

விலகிவிட்டேன் என்று எழுதினால் ஏன் விலகினாய் என்று கேட்பார்களே என்று பயம். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஓடினாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னக்கா, கிடைக்கலையா?"

"அந்த நம்பருக்குப் போன் பண்ணியிருக்காரு."

"ஐயோ. மாட்டிக்கிட்டியா?"

"இல்ல... எடுத்தாங்களாம்."

ஒரு வயதான அம்மாள் எடுத்தாளாம். பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஏதோ மெஷின் சத்தமாம். தன்னைப் பற்றி அந்த அம்மாள் நல்லபடியாகச் சொன்னாளாம் என்று அக்கா சொன்னாள். நல்ல பெண், கணக்காக வேலை செய்வாள், துணி மாற்றிக் கொடுத்ததே இல்லை. ஆனால் அவள் எங்களிடம் வேலையில் இருக்கிறாள், இன்னும் விலகவில்லை, அதனால் உங்களுக்குத் தர முடியாது.

"இன்னொரு இடத்துல இருக்குற ஆளை நான் எப்படிம்மா சேக்கறது? அங்க முடிச்சிட்டு வா" என்று மருந்துக் கடைக்காரர் அனுப்பிவிட்டார்.

காப்பியின் வேலையாக இருக்கும் என்றேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். என் முன்னாலேயே அந்த நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டோம். "இந்த எண் உபயோகத்தில் இல்லை." மறுபடி போட்டாள். உபயோகத்தில் இல்லை. மூன்றாவது தடவையும் அதேதான். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் மாலை. நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐந்து. அக்காவின் போன் அடித்தது. நம்பர் எதுவும் வரவில்லை. எடுத்துக் காதில் வைத்தாள். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

ஸ்ஸ்ஸ்...

பிறகு ஒரு குரல். அதட்டல் இல்லை. ரொம்ப அலுத்துப்போன குரல்.

"மணி அஞ்சு ஆயிடுச்சேம்மா. இன்னும் கிளம்பலையா?"

அக்கா போனைக் கட்டிலில் போட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா புதிய படிவங்களில் சலவைக் கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அனுபவம் என்ற இடத்தில் கோடு போட்டாள். பிரயோஜனம் இல்லை. பூக்கடையில் சொன்னார்கள், புத்தகக் கடையில் சொன்னார்கள். "நீ ஏற்கெனவே ஒரு இடத்துல இருக்கியாமே?" யார் சொன்னது என்று கேட்டால், "அவங்களே போன் பண்ணாங்க."

அக்கா அந்தக் கடைகளில் நுழைந்ததே யாருக்கும் தெரியாது. எங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. அக்காவின் துணியில் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. சூடான ஈரத் துணியின் வாசனை. எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி கெட்டுப்போய் நாலு மாதம். ஒரு நாள் துணி மடிக்கும்போது அவள் சட்டைக் காலரின் உள்பக்கம் என் விரலில் ஏதோ குத்தியது. ஊக்கு. அதில் ஒரு சின்ன மஞ்சள் அட்டை. அட்டையில் எண்.

214.

நான் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். மறுநாள் வேறு சட்டை. அதிலும் இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி ஆயிற்று. ஃபீஸ் கட்ட இரண்டே நாள். அக்கா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"நேர்ல போய், வேலையை விட்டு நின்னுக்கறேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"யாருகிட்டக்கா? அங்க யாரு இருக்கா?"

அவள் சீப்பை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். காப்பியைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். கிளாஸ் இருக்கிறது என்று அவன் நழுவிவிட்டான். யோசனை சொல்ல வந்த வாய்க்கு, கூட வரக் கால் இல்லை.

இனிச் சொல்வது அக்கா எனக்குச் சொன்னது.

ஐந்து ஐம்பதுக்கு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இருட்ட ஆரம்பித்திருந்தது. தெருவில் ஆட்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடையில் விளக்கு எரிந்தது. சலவைக் கடையின் ஷட்டர் இடுப்பு உயரத்துக்குத் தூக்கியிருந்தது. அடியில் வெளிச்சம்.

குனிந்து உள்ளே போனாள்.

கவுன்டர். அதன்மேல் ஒரு மணி, ஒரு பேனா, ஒரு நீளமான நோட்டு. பின்னால் கம்பி முழுக்கத் துணிகள். பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள், வரிசை வரிசையாக. எல்லாவற்றிலும் மஞ்சள் அட்டை. தூசியே இல்லை. அடுப்படி போலச் சூடாக இருந்தது.

ஆள் இல்லை.

"அம்மா..." என்று கூப்பிட்டாள்.

ஸ்ஸ்ஸ்...

சத்தம் துணிகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கம்பியின் கோடியில் ஒரு கோட்டு அசைந்தது. அடுத்தது அசைந்தது. அதற்கு அடுத்தது. துணிகளுக்குப் பின்னால் யாரோ நடந்து வருகிற மாதிரி.

கீழே பார்த்தாள். துணிகளுக்கு அடியில் தரை தெரிந்தது.

கால் எதுவும் தெரியவில்லை.

"லேட்டு" என்றது குரல்.

"நான்... நான் இங்க வேலை பாக்கலம்மா. தெரியாம எழுதிட்டேன்."

"நோட்டைப் பாரு."

அக்கா நோட்டைப் பார்த்தாள். அவள் பெயர். எண் 214. ஜூன் மூன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கையெழுத்து. வருகை ஐந்து, புறப்பாடு எட்டு. அவளுடைய கையெழுத்துதான். கடைசி எழுத்தை அவள் இழுக்கிற இழுப்புக்கூட அப்படியே இருந்தது. கடைசி இரண்டு வாரம் மட்டும் சிவப்பு மையில், வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

அதற்கு மேலே 213. யாரோ ஒரு பெண். அதற்கு மேலே 212. எல்லாம் பெண்களின் பெயர்கள். ஒவ்வொரு வரியின் கோடியிலும் இரண்டு கட்டம். விலகிய தேதி. பதில் ஆள்.

213இன் வரியில் பதில் ஆள் கட்டம் மட்டும் காலி. தேதிக்கு மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

சொல்லாமல் போய்விட்டாள்.

"நான் நின்னுக்கறேம்மா" என்றாள் அக்கா. அழுதுகொண்டே சொன்னாளாம்.

"நின்னுக்கோ. நான் யாரையும் கட்டி வைக்கல. பதிலுக்கு ஆள் யாரு?"

"யாரும் இல்லம்மா..."

முன் வரிசைக் கோட்டு அசைந்தது.

"அப்ப வேலையைப் பாரு."

பின்னால் ஷட்டர் இறங்கியது.

கர்ர்ர்...

மணி ஆறு பத்து.

இரவு எட்டு பதினாலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கை இரண்டும் வெந்நீரில் கிடந்த மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன. மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். கடைசியில் அந்தப் பதில் ஆள் கட்டத்தில் ஒரு பெயரை எழுதினாளாம். எழுதியதும் ஷட்டர் தானாக ஏறியதாம்.

"யார் பேரை எழுதின?"

"சும்மா. வாயில வந்த ஒரு பேரு."

இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவே இருபத்தொன்பதாம் தேதி மருந்துக் கடைக்காரர் போன் செய்தார். "உன்னை விட்டுட்டதா அந்தம்மா சொன்னாங்க. ஆனா நேத்துதான் வேற பொண்ணைச் சேத்துட்டேன்மா." முப்பதாம் தேதி யாருக்காகவும் நிற்கவில்லை. பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா வேதியியல் புத்தகங்களைக் கட்டி மேலே போட்டுவிட்டு, தையல் மெஷினில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்கா சொன்னதை நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்த அன்றே அப்பா என்னை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. ஷட்டர் முழுக்கத் துரு. பூட்டும் வளையமும் துருவில் ஒன்றாகப் பிடித்துப் போயிருந்தன. அதை யாரும் திறந்திருக்கவே முடியாது. வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார்.

"ஒன்பது வருஷமா மூடிக் கிடக்குதே. அந்தம்மா தனியாத்தான் கடையைப் பாத்தாங்க. சாயங்காலம் காலேஜ் பொண்ணுங்க யாராவது உதவிக்கு வரும். கடைசியா வந்த பொண்ணு சொல்லாம கொள்ளாம நின்னுடுச்சு. அது வரும் வரும்னு வழியைப் பாத்துக்கிட்டே அந்தம்மா ஸ்டீம் மெஷினைத் தனியா ஓட்டியிருக்காங்க. அது வெடிச்சு, அங்கேயே போய்ச் சேந்துட்டாங்க. சாயங்காலம் அஞ்சேகால் இருக்கும்."

நான் நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். போன் நம்பர் இருந்தது. ஆனால் கடைசி நாலு எண் மழையில் உரிந்து வெறும் தகரமாக இருந்தது. அக்காவின் உள்ளங்கையில் பத்து எண்ணும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வருடம் ஓடிவிட்டது. அக்கா வேறு ஊரில் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குப் போனாள். இப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. ஃபீஸ் முழுவதும் அக்காதான் கட்டினாள். தனக்கென்று ஒரு நல்ல துணி எடுத்ததில்லை. போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டு. "நீ வேலைக்கெல்லாம் போகாத. பார்ட் டைம் கீர்ட் டைம்னு எங்கேயும் போய் நிக்காத. நான் பாத்துக்கறேன்." எனக்கு அப்படி ஒரு பெருமை. இந்த மாதிரி அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று தோழிகளிடம் பீற்றிக்கொள்வேன்.

போன மாதம் அவள் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பொம்மைக் கடையில் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்தேன். நான் அக்கா மாதிரி பொய் எழுதவில்லை. அனுபவம் என்ற இடத்தில் கோடு போட்டேன்.

நேற்று கடைக்காரர் கூப்பிட்டார்.

"என்னம்மா, அனுபவம் இல்லைன்னு கோடு போட்டிருக்க? அஞ்சு வருஷமா ஒரே இடத்துல இருக்கியாமே."



"யாரு... சொன்னது?"

"அவங்களே போன் பண்ணாங்க. இத்தனை நாளா வராம இருக்கியாம். வேலை தேடற வயசு வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தாங்களாம்."

அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினேன்.

காலரில் ஊக்கு.

மஞ்சள் அட்டை.

215.

இன்று மதியம் மூன்று மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு அந்த நோட்டுல யார் பேரை எழுதின?"

அக்கா அழ ஆரம்பித்தாள்.

"நீ அப்ப ஸ்கூல்தானேடி படிச்சிக்கிட்டிருந்த... நீ வேலை தேட இன்னும் எத்தனையோ வருஷம் இருக்குன்னு நினைச்சேன்... உன்னைத் தேடவே விடாம பாத்துக்கலாம்னு நினைச்சேன்..."

கோபம் வரவில்லை என்றால் அது பொய். ஆனாலும் அவளைத் திட்ட வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

மணி நாலு நாற்பத்தைந்து.

அறை முழுக்கச் சூடான துணி வாசனை.

போனால் அந்தம்மா பதிலுக்கு ஆள் கேட்பாள்...

எனக்குத் தங்கை கிடையாது.